பேரிலே இருக்கிற சர்க்கரை

இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் கமலவல்லி, இருபத்திரண்டு வருஷமாகப் புத்தூரில் ஒரு லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். காலையில் ஆறரை பஸ்ஸைப் பிடித்துப் போய், வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு ஊசி குத்தி, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறவள். அவளுக்கே சர்க்கரையைப் பற்றிப் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள்!

அவள் கணவர் கோபு, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது. சாயங்காலம் ஐந்து மணியானால் அவருக்கு வாய் நமநம என்று இருக்கும். பள்ளி விட்டதும் கடை வாசலில் நின்று நாலு போண்டாவை உள்ளே தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட் காட்டிக் கொடுத்துவிடும். பார்வை மங்க ஆரம்பித்ததும் கமலா பயந்துபோனாள்.

டாக்டரைக் கேட்டாள். ராத்திரி சாதத்தைக் குறைத்துவிட்டு, சாயங்காலம் அளவாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுக்கலாம் என்றார். உடனே ஒரு சின்ன ஓவன் வாங்கினாள். முதல் தடவை தட்டு நிறைய அள்ளிக் கொட்டியதில் கிழங்கு குழைந்துபோனது. பிறகு கை பழகிவிட்டது. தோலோடு தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்து, விரல் கனத்துக்கு நறுக்கி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் பிரட்டி, மிளகும் உப்பும் தூவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இருநூறு டிகிரியில் அரை மணி நேரம். நடுவில் ஒரு தடவை திருப்பிவிடுவாள். தராசில் நிறுத்து நூறு கிராம், அதற்கு மேல் ஒரு துண்டு கிடையாது. கோபு தட்டை நக்காத குறைதான். போண்டாக் கடைப் பக்கம் போவதே நின்றது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதரையிலிருந்து எட்டுக்கு இறங்கியது.

பொறுக்குமா? புரட்டாசியில் ஒருநாள், சித்திரை வீதியில் இருக்கும் கோபுவின் அக்கா ஹம்ஸா வந்து தட்டை எட்டிப் பார்த்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"என்னடி இது, சர்க்கரைவள்ளியா? பேர்லயே சர்க்கரை இருக்கே! சர்க்கரைக்காரனுக்கு யாராவது இதைக் கொடுப்பாளா? என் தம்பியைக் கொன்னுடாதேடி கமலா!"

"டாக்டரைக் கேட்டுண்டுதான் கொடுக்கறேன் அக்கா. அளந்துதான்..."

"லேப்ல ஊசி குத்திண்டிருந்தா நீ டாக்டராயிடுவியா?"

கோபு என்ன சொன்னார்? வாயில் இருந்த கிழங்கை மென்று விழுங்கிவிட்டு, பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். அடுத்த வீட்டு விவகாரம், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஹம்ஸா சும்மா இருந்தாளா? ஊர் பூரா சொன்னாள். கோயிலில், காய்க்கடையில், கல்யாணத்தில், எங்கே பார்த்தாலும் கமலாவை நிறுத்தி, "கோபு எப்படி இருக்கான்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். ஒருநாள் கமலா வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து அழுதாள்.

"ஊர் சொல்றது கிடக்கட்டும் பானு. இவர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லலையே!"

மார்கழியில், திருப்பாவையின் இருபத்தேழாம் பாட்டு நாளான கூடாரவல்லி அன்று ஹம்ஸா தூக்கு நிறைய அக்காரவடிசலோடு வந்தாள். அன்றும் நான் அங்கே இருந்தேன். அரிசியும் பாலும் வெல்லமும் குழைந்து, மேலே நெய் மிதந்தது. தம்பிக்கு ஒரு பெரிய கிண்ணம் நிறைய வழித்துப் போட்டாள்.

"அவருக்கு வேண்டாம் அக்கா," என்றாள் கமலா.

"பெருமாள் பிரசாதம்டி, ஒண்ணும் பண்ணாது. உன் கிழங்கு மாதிரி பேர்லயே சர்க்கரையை வெச்சுண்டிருக்கா என்ன?"

கமலா கணவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"நீங்க தமிழ் வாத்தியார்தானே? அக்காரம்னா என்ன அர்த்தம்னு உங்க அக்காவுக்குச் சொல்லுங்கோ. இன்னிக்காவது வாயைத் திறந்து சொல்லுங்கோ."

கோபு கிண்ணத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"அக்காரம்னா சர்க்கரைதான் அக்கா," என்றார். "கமலா எனக்கு எல்லாம் அளந்துதான் கொடுக்கறா. நான் கண்டதைத் தின்னுண்டிருந்ததை நிறுத்தினதே அவதான்." ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை அக்கா பக்கம் நகர்த்தினார்.

எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. கமலா சிரிக்கக்கூட இல்லை.

"இதெல்லாம் உங்களுக்கு அன்னிக்கே தெரியுமோல்லியோ?" என்று கேட்டாள்.

கோபு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்போ ஊரே என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்த நாலு மாசமும் அந்தத் தமிழ் எங்கே போச்சு?"