ஐந்து ஓட்டை ஸ்டெப்னி

ஒரு டயரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் படித்தவன் நான். படித்து முடித்து, மாட்டவே முடியாத ஒன்றை வாங்கினேன்.

அப்பாவுக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய உபாதை. ஒருநாள் டிவியில் ராமேஸ்வரத்துக் கடலைக் காட்டியபோது, "ஒருக்கா போய்ப் பாக்கோணும்" என்றார். அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் கூட்டிப்போக முடியாது. கோவையில் ஒரு பட்டறையில் சொல்லி, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர் வீடு ஒன்றைச் செய்யச் சொன்னேன். உள்ளே கட்டில், அடுப்பு, வெஸ்டர்ன் கழிப்பறை. மலைமேல் பெர்ன்ஹில்லில் எங்கள் வாசலில் அது வந்து நின்றபோது, கோழிக்குஞ்சு விற்கிற வண்டி என்று நினைத்துப் பக்கத்து வீட்டம்மாள் பையோடு வந்தார்.

அதற்கு ஸ்டெப்னி இல்லை. மலைப்பாதையில் ஸ்டெப்னி இல்லாமல் போவது அறிவீனம் என்று படித்திருந்தேன். ஜீப் டயர் டிரெய்லருக்கு ஆகாது, பக்கச்சுவர் விறைப்பாக இருக்க வேண்டும், எவ்வளவு பாரம் தாங்கும் என்பது டயரிலேயே எழுதியிருக்கும், செய்த வருடமும் அதிலேயே இருக்கும். எல்லாம் மனப்பாடம். டயர் கடைக்காரர் என் கேள்விகளுக்குப் பயந்து டீ வாங்கிக் கொடுத்தார். டயர் உண்மையிலேயே நல்ல டயர். அதை மாட்டுகிற இரும்புச் சக்கரத்தை மட்டும் வேறு கடையில் வாங்கினேன். வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது, டிரெய்லரின் நிறத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

ஆயுதபூஜை வந்தது. ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் பொட்டு வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஸ்டெப்னிக்கு அப்பாவே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். பொட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதன் மேல் ரெக்ஸின் உறையைப் போட்டுக் கட்டினேன். பூஜை போட்ட பொருள் தயார் நிலையில் இருப்பதாக எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அதை ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மழை ஓயட்டும், பொங்கல் கழித்துப் போகலாம் என்றிருந்தோம். அப்பா மார்கழியில் போய்விட்டார்.

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் அஸ்தி கரைக்க வேண்டும், உச்சிப்பொழுதுக்குள் முடித்துவிட வேண்டும் என்றார் ஆற்றங்கரைப் புரோகிதர். பெண்கள் வர வேண்டாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அம்மா, "நான் வருவேன்" என்று மட்டும் சொன்னாள். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று எல்லாரும் முழித்தபோது, நான் கொஞ்சம் பெருமையோடு டிரெய்லரைக் காட்டினேன்.

சுடுகாட்டிலிருந்து அஸ்திப் பானையை வாங்கி வந்து டிரெய்லருக்குள் வைக்கப் போனேன். அம்மா தடுத்தாள்.

"அதுக்குள்ள அடுப்பு இருக்குதில்ல?"

"இருக்கும்மா."

"அப்ப அது ஊடு. அஸ்தி ஊட்டுக்குள்ள போகக்கூடாது சாமி."

ஜீப்பின் முன்சீட்டில் அம்மா உட்கார்ந்தாள். மடியில் மஞ்சள் துணி கட்டிய பானை. பின்சீட்டில் என் மனைவி. எங்கள் பின்னால், அப்பாவுக்காகச் செய்த வீடு காலியாக வந்தது.

கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். ஒரு டயர் முழுக்க உட்கார்ந்திருந்தது. எனக்குப் பதற்றமில்லை. இந்தத் தருணத்துக்காகத்தானே படித்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, உறையை அவிழ்த்தேன். அப்பா வைத்த பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. தூக்கி மாட்டினேன். உட்காரவில்லை. திருப்பி மாட்டினேன். அச்சில் இருந்தவை நான்கு போல்ட். என் வெள்ளைச் சக்கரத்தில் ஐந்து ஓட்டை.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "ஏனுங்க, ஒருவாட்டி மாட்டிப் பாக்கலீங்களா?"

"பூஜை போட்டோமே."

தேயிலைச் செடிகளுக்கு மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கழற்றிய சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போய் வந்தால் உச்சிப்பொழுது தாண்டிவிடும். டிரெய்லரை விட்டுவிட்டுப் போனால் அம்மாவின் பாடு என்ன? இதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அந்த ஐந்து ஓட்டைகளையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜீப்பிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதெ அங்கயே உட்டுட்டு வா."

"நடுவுல உனக்கு..."

"நான் நேத்து ராத்திரியிலிருந்து தண்ணி குடிக்கலெ. உன்ற வண்டிய நம்பியா கெளம்புனேன்?"

பழைய டயரையே திரும்ப மாட்டி, டிரெய்லரை ஓரமாக இழுத்து, ஜீப்பிலிருந்து கழற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் புறப்பட்டோம். கோத்தகிரியிலும் அம்மா இறங்கவில்லை. அதற்கப்புறம் வந்த வளைவுகளில் நான் ஒவ்வொன்றாக மெதுவாகத் திரும்ப, அவள் இரண்டு கையாலும் பானையைப் பிடித்திருந்தாள். வெயில் உச்சிக்கு வருமுன் ஆற்றுக்கு வந்து சேர்ந்தோம். இடுப்பளவு நீரில் பானையை நான் கவிழ்த்தபோது, கரையில் என் மனைவியின் தோளைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள். அப்பா சாம்பல் நிறத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தார். பிறகு தண்ணீர் மட்டும் போனது.

கரையேறியதும் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள்.

திரும்பி வரும்போது டிரெய்லர் விட்ட இடத்திலேயே நின்றது. ஒரு காட்டெருமை அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று ஜீப்பிலேயே காத்திருந்தோம். அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன், அப்பாவை ஒரே ஒரு ராத்திரியாவது இதில் படுக்க வைத்திருக்கலாம், மழையைப் பார்த்துத் தள்ளிப்போட்டது என் தப்பு என்று.

அம்மா காட்டெருமையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற அண்ணன் ஊட்டுலயே அவரு ஒரு ராத்திரி தங்குனதில்லெ. கடைசி பஸ்ஸப் புடிச்சு வந்துருவாரு. இதுலயா படுத்திருக்கப் போறாரு?"