பின்வரிசை நாற்காலி

ஜூன், முதல் வியாழன்: விவேக் நகர் கோவிலில் நவநாள் செபத்தின்போது முழந்தாளிட்ட என் மனைவியால் எழ இயலவில்லை. இருவர் தூக்கி நிறுத்தினர்.
ஜூன், இரண்டாம் சனி: மருத்துவர் பரிசோதித்தார். முதுமையில் தசை கரைதல் என்றார். சீட்டில் இரண்டு வரிகள்: புரத மாவு, உட்கார்ந்து எழும் பயிற்சி.
நவம்பர், மூன்றாம் செவ்வாய்: குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. வியாழனன்று அறுவை சிகிச்சை.
டிசம்பர், முதல் ஞாயிறு: நுரையீரலில் சளி கட்டிக் காலமானாள்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். சீட்டின் முதல் வரியை மருந்தாகவும் இரண்டாவதை மரியாதைக்குச் சொன்ன ஆலோசனையாகவும் எடுத்துக்கொண்டேன். மாவை அளவுக்கரண்டியில் எடுத்து, கத்தியின் முதுகால் மேல்மட்டத்தைச் சீவி, வெதுவெதுப்பான பாலில் கரைத்துக் காலையும் மாலையும் கொடுத்தேன். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே குடிப்பாள். “ஏங்க புரொபசரே, மாவக் கரைச்சு ஊத்துனா காலு தழைச்சிடுமா? நான் என்ன முருங்கக் கெளையா?”

தசை குறைந்தவளை வருத்தக் கூடாது என்பது நானாகச் செய்துகொண்ட முடிவு. தண்ணீர், செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றையும் அவள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனேன். உபதேசியாரிடம் சொல்லிக் கோவிலின் பின்வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் செய்தேன். வீட்டில் அந்திதோறும் கட்டிலைப் பற்றி இறங்கி முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதையும் நாற்காலிக்கு மாற்றினேன். எனக்குச் செபத்தில் நம்பிக்கை குறைவு. முழங்கால் எதற்கு என்று கேட்டேன். “ஒக்காந்து சொன்னாலும் மாதா கேப்பாங்க. எனக்குத்தான் சொன்ன மாதிரி இருக்காது” என்றாள். அதற்குமேல் வாதிடவில்லை. கிறிஸ்துமஸுக்குள், வீட்டில் வைக்கும் பாலன் குடிலின் முன் முழந்தாளிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவள் கேட்டது. மாவின் அளவைக் கூட்டினேன்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள், ஈஜிபுராவிலிருந்து வரும் பிசியோதெரபி பெண் கட்டிலருகே நின்று விசாரித்தாள். “சார், ஆன்ட்டி இதுக்கு முன்னாடி என்ன எக்ஸர்சைஸ் பண்ணாங்க?”

ஒன்றுமில்லை, தினமும் முழந்தாளிட்டுச் செபிப்பாள், அதையும் நான்தான் நிறுத்தினேன் என்றேன்.

“அய்யோ சார், அதுதான எக்ஸர்சைஸே! கட்டில புடிச்சு எறங்கி ஏறிட்டு இருந்திருந்தா கால்ல பலம் நின்னிருக்குமே. வெறும் பவுடர் என்ன சார் பண்ணும்?”

என் மனைவி கண்களைத் திறக்காமலேயே சிரித்தாள். “அவர உடும்மா. டப்பால அச்சடிச்சிருந்தாதான் நம்புவாரு.”

அவள் எனக்காகவே அதை வேடிக்கையாக்கினாள் என்பது அப்போதே தெரிந்தது. தலையணையைச் சரிசெய்தேன். அதன்பின் அவளுக்கு ஒன்பது நாள்கள் இருந்தன. பகல் முழுவதும் அவள் அருகிலேதான் அமர்ந்திருந்தேன். தட்பவெப்பம் பற்றியும், அடுகோடிச் சாலையில் நெரிசல் மிகுந்துவிட்டது பற்றியும் பேசினேன்.

செய்யாமல் விட்டவை:

குடில் வைக்கவில்லை.
பின்வரிசை நாற்காலியை எடுத்துவிடும்படி உபதேசியாரிடம் இன்னும் சொல்லவில்லை.
அந்த ஒன்பது நாள்களில் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.