மூன்று மடங்கு படையை எதிர்த்து

போன சனிக்கிழமை மத்தியானம் ஜெரோம் வந்தான். வந்தவன் உட்காரவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

ஜெரோம் எங்கள் மேல் ஃபிளாட். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் வேலைக்காக ஆவடியை ஒட்டிய இந்த வெள்ளானூரில் வந்து விழுந்த திருநெல்வேலிக்காரன். அவன் கழுத்தில் ஒரு கட்டி. பயாப்ஸி எடுத்தாயிற்று. ரிசல்ட்டை டாக்டரே போனில் சொல்வாராம்... அன்றைக்கு. மனைவி மெர்சிக்கு எதுவும் தெரியாது. அவள் முன்னால் இப்படி நடக்க முடியுமா? அதனால் என் வீட்டில் நடந்தான்.

லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். நாங்கள் மாறி மாறி ஆடுகிற, ராஜா காலத்துப் போர் கேம். எங்களுடையது துக்கடா நாடு. எல்லையில் பேரரசன் படை — எங்களைப்போல மூன்று மடங்கு!

"நேரா போய் மோதிடலாம் மச்சான். இன்னா ஆவுதோ ஆவட்டும்!"

"வெட்டவெளியில மோதினா உடனே காலி. மலைக்கோட்டைக்குள்ள போ. அவன் நடந்து வரட்டும்."

"ஒளிஞ்சிகினு கீறதுக்குப் பேரு போரா?"

ஆமாம், அதுதான் போர். பெரிய படைக்குப் பெரிய வயிறு. கோட்டையைச் சுற்றி நின்றவர்களுக்குச் சோறு தீர்ந்தது. ஆள் குறைந்தது. தானியம் தேடிப் பாதிப் படை பிரிந்து போனது. "இப்ப அடி!" என்றேன். நின்ற பாதியை அடித்தான். ஓடினார்கள்! துரத்தத் துடித்தான்.

"வேண்டாம்டா. ஜெயிச்ச கையோட சமாதானம் கேளு. மிச்சப் படை திரும்பி வந்தா தாங்க மாட்டோம்."

ஜெரோமின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

"டாக்டர் பேசுவாங்க, லைன்லயே இருங்க." பிறகு மியூசிக். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமில் எதிரி எத்தனை பேர் என்று ஸ்கிரீனிலேயே தெரிகிறது. யோசனை சொல்வது சுலபம். எதிரே நிற்பது என்னவென்றே தெரியாதவனுக்கு என்ன தந்திரம் சொல்வது?

மியூசிக் நின்றது.

"சாதாரணக் கட்டிதான். கேன்சர் இல்ல. பயப்படாதீங்க."

ஜெரோம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஊட்டுக்குப் போய் மெர்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன் மச்சான்."

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து மெர்சியின் குரல். "எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையா?" அப்புறம் அழுகை. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

சில சண்டைகளில் சரணாகதிதான் ஒரே தந்திரம்!