ஏலக்காய் பச்சை மாறாமல் உலர்வது எப்படி

“மழை எப்படிப் பெய்யுதுன்னு இம்புட்டு நேரம் இங்கிலீசுல கத்துனியே, அதையே எங்களுக்குத் தமிழ்ல சொல்லு பாப்போம்” என்று அத்தை கேட்டாள். அப்பாவின் அக்கா அவள். போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியில் அவளும் அம்மாவும் இன்னும் பத்துப் பெண்களும் முறத்தோடு உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி விட்டு நேரே அங்கே போய், மூட்டையில் சாய்ந்துகொண்டு, மறுநாள் பரீட்சைக்கான ஆங்கிலப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் என் சத்தம் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும்.

“வெயிலடிச்சா கடல் தண்ணி ஆவியாகி மேல போகும்” என்று ஆரம்பித்தேன்.

“எதுக்கு மேல போகுது? கீழ என்ன கொறச்சல்?”

பெண்கள் சிரித்தார்கள். பாடத்தின் அடுத்த வரிதான் என் வாயில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அத்தை முறத்தைத் தட்டிக்கொண்டே, “மனப்பாடம் பண்ணுது புள்ள. இது எங்கன போயி எவனுக்கு என்னத்த வெளக்கப் போகுது?” என்றாள். “படிக்கிற புள்ளைய ஏன் மதினி வம்புக்கு இழுக்கிறீக?” என்று அம்மா எனக்காகப் பேசினாள். நான் முன்னைவிட உரக்க ஒப்பித்தேன். மறுநாள் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஏன் மேலே போகிறது என்பதை மட்டும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கில், நூல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் ஓர் ஊர். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் அண்மைக்காலம்வரை ஒரு பிஸ்கட் ஆலையில் பெட்டி அடுக்கினேன். இங்கே வந்து முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது பனியோ உருளைக்கிழங்கோ அல்ல, துணி. துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறார்கள். சன்னலுக்கடியில் சுடுநீர் ஓடும் இரும்புத் தட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல் போட வேண்டும். நான் சேலையை நான்காக மடித்துப் போட்டு, குளிர் வந்துவிடாமல் சன்னலை இறுக்கிச் சாத்திவிடுவேன். இரண்டு நாளானாலும் துணி ஈரமாகவே இருக்கும். சன்னல் கண்ணாடியில் மட்டும் தண்ணீர் கோடு கோடாக வழியும்.

ஒருநாள் கீழ்வீட்டு மிஸஸ் பார்லோ கடிதம் கொடுக்க மேலே வந்தவர், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “சன்னலைக் கொஞ்சம் திறந்து வை, லவ்” என்றார். முன்பின் தெரியாதவர்களையும் இந்த ஊரில் அப்படித்தான் அழைக்கிறார்கள். “வெளியே குளிர்கிறதே” என்றேன். “அதனால் என்ன? துணி காய வேண்டாமா?” என்றார். தெருவைப் பார்த்துச் சேலை தொங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை போலும், நாகரிகமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே சேலையைக் குளியலறைக்கு மாற்றினேன். அங்கே அது மூன்று நாள் காயவில்லை.

அந்த வசந்தத்தில் நான் டெக்னிக்கல் காலேஜில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடப் படிப்பு ஒன்று அங்கே உண்டு. ஊரில் நான் பி.யு.சி. வரை அறிவியல் படித்ததை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம், ஒரே கேள்வி. ஏதாவது ஒன்று எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று விளக்கி எழுத வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் பிஸ்கட் பெட்டிதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவளிடம் இதைக் கேட்கிறார்களே என்று இருந்தது.

அந்தத் தேர்வுக்கான மாலை வகுப்பை எடுத்தவள் ஜேனட். என்னைவிட இரண்டு வயது மூத்திருப்பாள். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. கடைசிவரை எதையும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன். கதை எழுதுவது வேறு, செய்முறை எழுதுவது வேறு, விளக்கம் எழுதுவது வேறு என்று முதல் நாளே அவள் பிரித்துச் சொன்னாள். கதை நடந்ததைச் சொல்லும். செய்முறை, இதைச் செய் அதைச் செய் என்று சொல்லும். விளக்கம், ஒன்று நடப்பதால் இன்னொன்று எப்படி நடக்கிறது என்பதைச் சங்கிலிபோல் கோத்துக் காட்டும். “இதை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவருக்கு எழுதுங்கள்” என்றாள். எனக்கு அது புதிதாக இருந்தது. நம் ஊரில் பரீட்சைத் தாளை, பதில் ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்குத்தானே எழுதுகிறோம்? நமக்கும் அது தெரியும் என்று காட்டிவிட்டால் போதும், அவருக்கு எதையும் புரியவைக்க வேண்டியதில்லை. பதினொரு வருடம் நான் அப்படித்தான் எழுதி முதல் மாணவியாக இருந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒன்றையே எழுதுவோம் என்று, ஏலக்காய் உலர்த்துவதை எழுதிக் கொடுத்தேன். அழகான ஆங்கிலம். மனப்பாடம் செய்துவைத்திருந்த சொற்றொடர்களையெல்லாம் பொருத்தமான இடத்தில் வைத்திருந்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் ஆறு இடத்தில் ‘ஏன்?’ என்று எழுதியிருந்தது. நம் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து வெறுமனே ‘ஏன்?’ என்றால் அது கேள்வியா? சண்டைக்கு வா என்பதுதான். முகம் சிவந்துபோய் அவள் மேசைக்குப் போனேன்.

“நெருப்பு மூட்டுகிறீர்கள், கதவைச் சாத்துகிறீர்கள். மறுநாள் காய் உலர்ந்திருக்கிறது” என்றாள். “காயிலிருந்த தண்ணீர் எங்கே போயிற்று? அறைதான் மூடியிருக்கிறதே?”

“அதை நாங்கள் சொல்வதில்லை” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஓ, கம்பெனி ரகசியமா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது ரகசியமில்லை என்பதை எப்படி விளக்குவது? தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு வேலை போடிக்கு மேலே மலையில், எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்தில். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் அறையை ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும்; அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவரும். கம்பி வலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். சூடு கூடினால் காய் வெடிக்கும், உலரத் தாமதமானால் பச்சை போய் வெளுக்கும். பச்சைதான் எல்லாம். காயெடுப்புக் காலத்தில் பள்ளி விடுமுறை வந்தால் அம்மாவோடு ஜீப்பில் மேலே போவேன். அடுப்பு மூட்டியதிலிருந்து கதவு திறக்கும்வரை உள்ளே இருக்கும் காயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எப்படி வருகிறது என்று கேட்டால் கண் பட்டுவிடும். வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறீர்கள் என்று நாம் கேட்பதில்லையே, அதுபோலத்தான். தேனியிலிருந்து புதிதாக வந்த கணக்கர் ஒருவர், “என்ன, காய் நல்லா வருதா?” என்று குசலம் விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டார். அந்த முறை காய் வெளுத்துப்போனது. “கேட்டாகளே ஒரு கேள்வி!” என்று அம்மா ஆற்றமாட்டாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பருவம் முழுக்க அவரை ஸ்டோர்ப் பக்கமே அண்டவிடவில்லை.

அடுப்பு மூட்டிச் சில மணி நேரம் கழித்து அப்பா கதவில் பதித்த சின்னக் கண்ணாடியை எட்டிப் பார்ப்பார். பிறகு ஏணியை எடுப்பார். உடனே அம்மா, “ஏலே, இங்கன என்ன பார்வ? அங்கன போங்க” என்று என்னையும் மற்ற பிள்ளைகளையும் விரட்டுவாள். அப்பா மேலே ஏறி, கூரைக்கடியில் இருக்கும் சிறு சன்னல்களைத் திறந்துவிடுவார். நான் இதை எத்தனையோ முறை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஜேனட்டுக்கு எழுதியபோது அந்தச் சன்னலை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. அது சொல்லக் கூடாத இடம். கை தானாகவே தாண்டிப் போய்விட்டது. விளக்கமே அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். மறுநாள் ஷிப்டுக்குக் கணவரின் சட்டை காய்ந்தாக வேண்டும். சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துணியால் துடைக்கப் போனவள் அப்படியே நின்றேன். அப்பா எட்டிப் பார்த்த கண்ணாடியில் இருந்ததும் இதுதான். சன்னலை நாலு விரற்கடை திறந்தேன். “இந்தா, என்ன பண்ற? வெக்கையெல்லாம் வெளியில போகுது” என்றார் கணவர். “வெக்கை போகல, ஈரம் போகுது” என்றேன். மதியத்துக்குள் சட்டை காய்ந்துவிட்டது. அடுத்த வாரம் வேண்டுமென்றே ஒருநாள் சாத்தியும் ஒருநாள் திறந்தும் போட்டுப் பார்த்தேன். சூடு ஈரத்தைக் காற்றுக்குள் தள்ளுகிறது. ஆனால் காற்று ஓரளவுதான் கொள்ளும். நிறைந்துவிட்டால் மேற்கொண்டு வாங்காது; என்ன சூடு கொடுத்தாலும் காய் ஆவியில் வேகுமே தவிர உலராது. நிறைந்த காற்றுக்கு வெளியே போக வழி விட வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித் தராததை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு இருந்த பெருமையை இங்கே மறைக்கப் போவதில்லை.

எழுத உட்கார்ந்தபோது அந்தச் சன்னலருகே வந்து பேனா நின்றது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஊரில் வைகாசி. காயெடுப்பு ஆரம்பிக்க இன்னும் நாளிருக்கிறது. எந்த ஸ்டோரிலும் தட்டில் காய் இல்லை. கண் பட ஒன்றுமில்லை. அந்தத் தைரியத்தில் எழுதினேன். ‘அப்பா மேலே ஏறிச் சன்னலைத் திறக்கிறார்’ என்று எழுதினேன்.

ஜேனட் படித்துக்கொண்டே, முதல்முறையாக எதையும் கேட்காமல் கடைசிவரை வந்தாள். பிறகு ஒரே ஒரு சொல்லின் அடியில் கோடு போட்டாள். அப்பா.

“வேறொருவர் திறந்தால் காய் உலராதா?”

“சரியாக உலராது” என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“ஏன்?”

“எப்போது திறப்பது என்று வேறொருவருக்குத் தெரியாது.”

“அப்படியென்றால் எப்போது என்பதை எழுதுங்கள். அப்பாவை எடுத்துவிடலாம்.”

அவள் சொன்னது நியாயம். படிக்கிறவருக்கு என் அப்பா யார் என்று தெரிய வேண்டியதில்லை, கண்ணாடியில் நீர் கோப்பது தெரிந்தால் போதும். வீட்டுக்கு வந்து மாற்றி எழுதினேன். கதவுக் கண்ணாடி நனைகிறது. அறையின் காற்று நிறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்போது மேல்சன்னல்கள் திறக்கப்படுகின்றன. நல்ல விளக்கம். எங்கும் ஒரு ஏன் மிச்சமில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இருந்தது. அவர் மட்டும் இல்லை. என்னுடைய பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் சேர்ந்து அவரை ஏணியிலிருந்து இறக்கிவிட்டதுபோல் இருந்தது. ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான். அந்தப் படிப்பில் ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது.

தேர்வில், உங்கள் வீட்டிலோ வேலையிலோ ஒரு பொருள் மாறுவதை விளக்குங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதையேதான் எழுதினேன், ஆனால் மனப்பாடமாக அல்ல. ஒவ்வொரு வரியிலும் எதிரே யாரோ உட்கார்ந்து ஏன் ஏன் என்று கேட்பதுபோலவும் நான் பதில் சொல்வதுபோலவும் எழுதினேன். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. வேலையை விடுவதாகப் பிஸ்கட் ஆலையில் சொல்லிவிட்டு வந்தேன். இதைப் படிக்கும் என்போன்ற பெண்கள் யாராவது ஓர் ஆலை வரிசையில் நின்றுகொண்டு, நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, ஏன் இடம் தர மறுக்கிறார்கள் என்று குமுறிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு நான் சொல்வது இது: உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரியாத ஒருவருக்காக எழுதிப் பாருங்கள்.

போன வாரம் எங்கள் முதல் ஆய்வு. கோதுமை மாவை நிறுத்து, சூடான பெட்டிக்குள் வைத்து, மறுபடி நிறுத்து, எவ்வளவு ஈரம் போயிற்று என்று குறிக்க வேண்டும். அச்சடித்த தாளின் அடியில் ‘செய்தவர்’ என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். இந்த நாட்டில் பாஸ்போர்ட், சம்பள உறை, மருத்துவர் சீட்டு எல்லாவற்றிலும் நான் கணவர் பெயரால்தான் இருக்கிறேன். அந்தக் கோட்டில் நான் பள்ளியில் எழுதிய மாதிரி, அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு என் பெயரை எழுதினேன். மேற்பார்வையாளர் தாளைத் திருப்பிப் பார்த்து, பதிவேட்டில் இப்படி ஒருவர் இல்லையே என்றார். நான் விளக்கினேன். அவர் கேட்ட ஒவ்வொரு ஏனுக்கும் பதில் சொன்னேன். அப்படியானால் பதிவேட்டில் மாற்ற ஒரு படிவம் இருக்கிறது என்றார். அதை அங்கேயே நின்று நிரப்பி, இரண்டு பெயர்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.