வண்டிக்கு விழுந்த பங்கு

சொல்தா ஓகுஸ்தேனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவருடைய வண்டியைத் திட்டாமல் எனக்குப் பேச்சு வராது. காரைக்காலில் பழைய வண்டிகளைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். பெயர் முத்து முகம்மது. ஊருக்கு வெறும் பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைச் சொல்தா என்போம். மற்ற சொல்தாக்கள் வந்ததும் மாடி வீடு கட்டினார்கள். தருமபுரத்து ஓகுஸ்தேன் மட்டும், நம் இராணுவம் கழித்துவிட்ட குட்டி ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினார். பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு மரத்தொட்டி வைத்த பிக்கப். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அந்த ஒரு நல்ல குணத்தை விட்டால் மற்றதெல்லாம் கோளாறு.

மனிதர் அப்படியில்லை. தெருவில் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால்கூட 'பர்தோன்' என்று மன்னிப்புக் கேட்டு ஒதுங்குவார். சண்டை நடந்த ஊர்களில் எப்படித்தான் காலம் தள்ளினாரோ, கேட்டால் சிரித்து மழுப்புவார்.

எழுபத்தெட்டாம் வருஷ வாக்கில் ஒரு காலை காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். கோவிந்தராசு என்ற மீன்பிடிக்காரனின் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். கிழவர்களும் கைம்பெண்களுமாகக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். காசியம்மா என்று ஒருத்தி; புருஷன் கடலோடு போய்விட்டான், வீட்டில் மூன்று பிள்ளைகள். இழுத்த இழுப்பில் கால் வழுக்கி மணலில் குப்புற விழுந்தாள். எழுந்து வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தாள். ஓகுஸ்தேனுக்கு மனசு கேட்கவில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்தார், கொக்கியில் கயிற்றை மாட்டினார், முதல் கியரைப் போட்டார். வள்ளம் சமர்த்தாக மேலே வந்துவிட்டது. கடற்கரையே கைதட்டியதாம்.

அதிலிருந்து தினமும் போனார். கிளச்சைத் தீய்த்துக்கொண்டு வருவார். அடிச்சட்டமெல்லாம் உப்பு தின்று பொரிந்து கிடக்கும்.

"மிசே, வண்டியா இது, கருவாடா? கழுவவாவது கழுவுங்க" என்பேன். மிசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"நல்ல காரியத்துக்குத்தானே பாய் தேயுது" என்பார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு இருக்கும். நானும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுப்பேன்.

கோவிந்தராசு நன்றியுள்ள ஆள். தினமும் வண்டித் தொட்டியில் ஒரு கூடை மீன் போட்டு அனுப்புவான். ஓகுஸ்தேன் வேண்டாம் என்றால் அவன் விடமாட்டான். வீட்டம்மா மார்த் வறுத்தது போக எனக்கும் வரும். நல்ல வாவல், நல்ல கெளுத்தி. நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?

ஒரு மழைக்காலத்தில் ஓகுஸ்தேன் டவுன் மார்க்கெட்டில் காசியம்மாவைப் பார்த்தார். பையோடு நின்று, உடைந்துபோன மத்தி மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கடற்கரைக்காரி, வீட்டுக் குழம்புக்கு மார்க்கெட்டில் மீன் வாங்குகிறாள். அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"என்னம்மா, கடல் உங்க வாசல்ல இருக்கு. இங்க வந்து வாங்குறீங்க?"

"கயிறு பிடிக்கத்தான் இப்ப ஆள் வேணாமே மிசே. வண்டி வந்துட்டுதுல்ல" என்றாளாம். குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாளாம்.

அப்புறம்தான் கோவிந்தராசுவிடம் போய்க் கேட்டிருக்கிறார். அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம். வள்ளம் ஏற்றக் கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் பிடிபட்ட மீனில் ஒரு பங்கு உண்டு. யாரும் கேட்க வேண்டாம். கூறு கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடலுக்குப் போக ஆண்பிள்ளை இல்லாத வீடுகளில் அதை வைத்துத்தான் உலை கொதித்தது. இப்போது இழுப்பது வண்டி. ஆகவே அந்தப் பங்குகளையெல்லாம் சேர்த்து முறைப்படி வண்டிக்குப் போட்டுவிட்டான் கோவிந்தராசு. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கூடை நிறைய வந்தது அதுதான்.

அன்றைக்கு ஓகுஸ்தேன் என் பட்டறைக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போயிற்று.

"அவ பிள்ளைங்க வாய்க்குப் போறதைத் தின்னுருக்கேன் பாய். ருசியா இருக்குன்னு மார்த்கிட்ட வேற சொன்னேன்."

நானும் தின்றவன்தானே. ஆனாலும், "தெரிஞ்சா செஞ்சீங்க, விடுங்க" என்று சொல்லிவைத்தேன். அவர் விடுகிற ஆளா?

மறுநாள் கூடையை அப்படியே காசியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார். அவள் தொடவில்லை. "கயிறு பிடிக்காம வாங்குனா அதுக்கு வேற பேருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

இனி வண்டி வராது என்று கோவிந்தராசுவிடம் சொன்னார். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அதற்குள் பழைய வள்ளத்தை விற்று, எஞ்சின் வைத்த பெரிய வள்ளம் எடுத்திருந்தான். அலைவாயிலிருந்து அதை ஊரே சேர்ந்தாலும் கையால் இழுக்க முடியாது.

"நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதானே மிசே எடுத்தேன். இப்ப கையை விரிச்சா நான் எங்க போவேன்?"

ஆக, நிறுத்தவும் முடியாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வள்ளம் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு பிடிக்க ஆள் வேண்டும், பழைய ஆட்கள் வந்தால்தான் வண்டியை எடுப்பேன், கூடையும் எனக்கு வேண்டாம் என்று அடம்பிடித்தார். எல்லோரும் வந்தார்கள், காசியம்மாவும் வந்தாள். வண்டி இழுத்தது. வள்ளம் ஏறியதும் கூறு கட்டினார்கள். காசியம்மா தன் பங்கை எடுக்காமல் வண்டியண்டை வந்தாள்.

"மிசே, கயிறு தொளதொளன்னு கிடந்துதுங்க. நான் எதையும் இழுக்கலை" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனாள்.

நானாக இருந்தால் கோபம் வந்திருக்கும். என்ன வீம்பு இது என்று அவரிடமே கத்தினேன். அவர், "அவ சொல்றது சரிதான் பாய்" என்றார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து இப்படி ஆயிற்று. அலையிலிருந்து ஈரமணல் வரை வண்டி இழுக்கும். அங்கே எஞ்சினை அணைத்துவிடுவார். அதற்கு மேல் மேடு வரை உருளைக்கட்டை போட்டுக் கையால்தான் ஏற்ற வேண்டும். வண்டியை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று கோவிந்தராசு முனகினான். ஆனாலும் வண்டி இல்லாமல் அவனுக்கு ஆகாது. காசியம்மா இழுத்தாள், பங்கை எடுத்துக்கொண்டு போனாள். எண்பத்தைந்து, எண்பத்தாறிலும் அப்படித்தான் நடந்தது.

போகட்டும், எல்லாம் சரியாகிவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் பிரேக் பார்க்க வந்தவரிடம் அதைச் சொன்னேன்.

"என்ன சரியாச்சு பாய்? நான் சீட்டுல உட்கார்ந்திருக்கேன். பின்னால அந்தம்மா மூச்சு வாங்குறது ஸ்டியரிங் வரைக்கும் கேக்குது. சாவியைத் திருப்புனா வள்ளம் ஏறிடும், அவ பங்கு போயிடும். சரி, இறங்கிப் போய் நானும் ஒரு கை பிடிக்கலாம்னா, அதுக்கும் ஒரு கூறு கட்டிடுவாங்க, அவங்க பங்கு குறைஞ்சிடும். அதனால உட்கார்ந்திருக்கேன்."