ஹெட்மாஸ்டர் மேல் அம்மா போட்ட மனு

எங்கள் ஹெட்மாஸ்டர் ஒரு அயோக்கியன். இப்போது தைரியமாக எழுதலாம். ஆள் செத்துப் பல வருஷம் ஆகிறது, செத்தவன் கேஸ் போட மாட்டான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருப்பூருக்குப் பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் எங்கள் ஊர். மத்தியானம் கைத்தொழில் பீரியடு உண்டு. மற்ற பள்ளிக்கூடங்களில் தக்ளியில் நூல் நூற்பார்கள். எங்களை மட்டும் ஹெட்மாஸ்டர் தன் மச்சானுடைய பனியன் கம்பெனிக்கு வரிசையாக ஓட்டிவிடுவார். தைத்துக் குவித்த பனியன்களில் தொங்கும் பிசிறு நூலைக் கத்தரிப்பதுதான் எங்கள் கைத்தொழில். வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

ஒருநாள் அம்மா என்னைப் பாடம் வாசிக்கச் சொன்னாள். நான் திணறியதைப் பார்த்துவிட்டுத் தெருவையே கூட்டிவிட்டாள். அந்த ஆளை மாற்றச் சொல்லிக் கல்வி அதிகாரிக்கு மனுப் போடுவதென்று முடிவாயிற்று. கையெழுத்து என்றதும் ஆண்கள் நழுவினார்கள். அப்பா உட்படப் பலருக்கும் அந்த மச்சான் கம்பெனியில்தான் வேலை. பெரியப்பாதான் வழி சொன்னார்.

"பொம்பளைக போடட்டும். பொம்பளைக மேல எவன் கேஸ் போடுவான்?"

யார் பெண்டாட்டி யாரென்று மச்சானுக்குத் தெரியாதாம்! அம்மா முதல் கையெழுத்தைப் போட்டாள். மற்றவர்கள் மை தொட்டு விரல் வைத்தார்கள்.

மனு அதிகாரியிடம் போனதோடு நின்றிருக்கலாம். பெரியப்பா அதை நோட்டீஸாக அச்சடித்துச் சந்தையில் விநியோகித்தார். காரமாக இருக்கட்டுமென்று 'அடித்து மிரட்டி' என்றும் சேர்த்துக்கொண்டார். கீழே முதல் பெயர் அம்மாவுடையது. அவர் பெயர் எங்கேயும் இல்லை.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. மன்னிப்பு எழுதிக் கொடு, இல்லாவிட்டால் மானநஷ்ட வழக்கு. தெருவில் ஒருவரும் துணைக்கு வரவில்லை. விரல் வைத்தவர்கள், எதற்கென்றே தெரியாது என்று ஹெட்மாஸ்டரிடமே போய்ச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா உடுமலைப்பேட்டையில் ஏதோ கல்யாணம் என்று கிளம்பிவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள்.

"எழுதுனது அத்தனையும் நெசமுங்க," என்றாள்.

சந்தையில் கொடுத்த நோட்டீஸை வக்கீல் புரட்டினார். "அதிகாரிக்கு மட்டும் அனுப்பியிருந்தா பயமில்லீங்கம்மா. சந்தையில குடுத்துட்டீங்க. அடிச்சு மிரட்டி வேலை வாங்குறாருன்னு போட்டிருக்குது. அதை நீங்கதான் கோர்ட்டுல நிரூபிக்கோணும். சாட்சி இருக்குதுங்களா?"

அம்மா என்னை முன்னால் நகர்த்தினாள்.

"ஏங் கண்ணு, வாத்தியார் அடிச்சு மிரட்டியா உங்களைக் கூட்டிட்டுப் போவாரு?" என்று வக்கீல் என்னிடம் கேட்டார்.

"இல்லீங்க. நாங்களே முந்திக்கிட்டு ஓடுவோமுங்க. டீயும் பன்னும் தருவாங்க. கணக்குப் பாடமும் இருக்காதுங்க."

வக்கீல் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மன்னிப்பு எழுதிக் குடுத்துருங்கம்மா," என்றார்.

அவர் எழுதிய தாளில் அம்மா கையெழுத்துப் போட்டாள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறவரை ஹெட்மாஸ்டரை யாரும் அசைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வக்கீல் முன்னால் கொஞ்சமும் பயப்படாமல் பேசியிருக்கிறேன். "எப்படிம்மா பேசினேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"நெசத்தைத்தான் சொன்னே கண்ணு," என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.