எந்த ஒன்பது மணி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. என் முகத்தில் ஒரு பாதி மழித்தாயிற்று. மறு பாதியில் சோப்பு நுரை. அந்தக் கோலத்தில் நிற்கும்போது வாசலில் செருப்புச் சத்தம்.

எட்டிப் பார்த்தால்... சம்பந்தி வீட்டார்! பட்டுச் சேலையும் சரிகை அங்கவஸ்திரமும் பழத் தாம்பாளமுமாக ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது.

என் பெண் சரசுவுக்கு அன்றைக்கு நிச்சயதார்த்தம். பையன் வீடு பேரையூர்ப் பக்கம். நிலபுலன் உண்டு. அதைவிட, நல்ல மனிதர்கள். முதல் நாளே, பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் மதுரைக்கு வந்து, ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்தில் தங்கியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு வெற்றிலை மாற்றுவதாகப் பேச்சு.

சரி, எந்த ஒன்பது மணி?

மதுரையில் இப்போது யாரிடமாவது மணி கேட்டுப் பாருங்கள். "எந்த மணி?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். யுத்தம் வந்தாலும் வந்தது, சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டது. புது நேரம் ஒன்பது என்றால் சூரியனுக்கு எட்டுதான். ரயிலும் மில் சங்கும் புது நேரம். பஞ்சாங்கம் பழைய நேரம். கோர்ட்டுக்குப் புது நேரம். அங்கே வருகிற சாட்சிக்குப் பழைய நேரம். எங்கள் பால்காரரைக் கேட்டால், "மாடு ஒத்துக்கிற மாட்டேங்குது சாமி" என்கிறார். அவரை என்ன சொல்வது?

ஊர் பெருகுகிறது... ஜனம் பெருகுகிறது... நேரமும் பெருக வேண்டாமா!

என் வீட்டில் எப்போதும் புது நேரம்தான். ஆனாலும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நான் என் மனைவி தனத்திடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "அவர்கள் கிராமத்துக்காரர்கள், சூரியனைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். நாமும் பழைய நேரத்துக்கே எல்லாம் தயார் செய்வோம். அவர்கள் 'லேட்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, பாவம்."

எவ்வளவு பெருந்தன்மை, பார்த்தீர்களா?

ஆக, அவர்கள் வந்து நின்றபோது வீட்டில் ஒன்றுமே ஆகவில்லை. பக்கத்து வீட்டு காசிம் பாயிடமிருந்து பெஞ்சு வரவில்லை. தோரணம் தரையில் கிடந்தது. தனம் அழுக்குச் சேலையில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் நின்றவர் வேலுச்சாமி, பையனின் தாய்மாமன். மீசையும் கோபமும் பெரிதாக உள்ள மனிதர். என் அரை முகத்தைப் பார்த்தார். வெறும் தரையைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, எங்களை வரச் சொன்னதே மறந்து போச்சா? வாங்கன்னு சொல்லக்கூட ஒரு ஆளைக் காணோம்!"

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முகம் சுளித்தால் போதும், சம்பந்தம் அத்தோடு சரி. இந்தச் சிறிய விஷயத்துக்காகப் பெண்ணின் வாழ்க்கை நின்றுவிடுமோ? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினேன்.

"இல்லைங்க... நல்ல நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே..."

"டேசன் கடியாரத்தைப் பாத்துட்டுத்தானே வாரோம்! ஒம்பது ஆகப் போகுது!"

"அது புது டயம். நீங்கள் ஊரில் பழைய டயம்தானே?"

"பழைய டயம்தான். யாரு இல்லைன்னா? ஆனா நீங்க டவுன்காரவுக. ஆபீசு, ரயிலுன்னு புது டயத்துல ஓடுறவுக. பட்டிக்காட்டான் ஒரு மணி நேரம் பிந்தி வந்தான்னு பேச்சு வந்திரக் கூடாதுன்னு உங்க டயத்துக்கு வந்தோம்!"

"அடக் கடவுளே! நாங்கள் உங்கள் டயத்துக்கு அல்லவா காத்திருக்கிறோம்!"

முதலில் சிரித்தது பையனின் தாயார் அங்கம்மாள். அந்த அம்மாள் சிரித்த பிறகு கூட்டமே சிரித்தது. வேலுச்சாமி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "போயி மிச்சப் பாதியையும் வழிச்சுட்டு வாங்க சம்பந்தி. எந்தப் பக்கத்து மூஞ்சியப் பாத்துப் பேசுறதுன்னே தெரியல" என்றார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

அங்கம்மாள் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்க மதினி, நீங்க போயிச் சேலைய மாத்துங்க. இம்புட்டு நேரம் கெடக்குல்ல" என்று அம்மிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வேலுச்சாமி தோரணம் கட்டினார். கட்டினார் என்பதைவிட, கட்டச் சொல்லி எல்லாரையும் அதட்டினார் என்பது பொருத்தம்.

இந்த அமளி எதுவும் தெரியாமல் சரசு குளித்துவிட்டு, தலையில் ஈரம் சொட்டச் சொட்டக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். கூட்டத்தைக் கண்டதும் திரும்பி ஓடப் பார்த்தாள்.

"நில்லு தாயி! ஈரத்தலையோட எங்க ஓடுற? சளி புடிச்சுக்கிரும்." அங்கம்மாள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தன் பட்டு முந்தானையாலேயே அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

பெண்ணைப் பெற்றவனுக்கு வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்? என் கண் கலங்கிவிட்டது. சோப்பு பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

டவுன்காரன் என்ன நினைப்பானோ என்று கிராமத்தானுக்குக் கவலை. கிராமத்தான் மனம் கோணுமோ என்று டவுன்காரனுக்குக் கவலை. இரண்டு பேரும் அடுத்தவனை உத்தேசித்தே ஓடினால் இப்படித்தான் முட்டிக்கொள்ள வேண்டும். முட்டிக்கொண்டாலும் பாதகமில்லை என்று இப்போது தோன்றுகிறது. நேரத்துக்கு வந்திருந்தால் ஜமக்காளத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மழை உண்டா, விளைச்சல் எப்படி என்று கேட்டுக்கொண்டு எழுந்திருப்போம். இந்தக் கலகலப்பு ஏது?

பஞ்சாங்க நேரத்துக்கு, ஜம்மென்று வெற்றிலை மாற்றினோம்.

புறப்படும்போது வேலுச்சாமி வாசலில் நின்று, "கல்யாணத்துக்காவது எந்த டயத்துக்கு வரணும்னு இப்பவே வெவரமாச் சொல்லிருங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம் முன்னாடியே வந்திருங்கண்ணே. அம்புட்டு வேலைக்கும் ஆளு வேணும்ல?"